500 பேர் கூடும் மண்டபத்தில் 25 பேர்

சென்ற வாரம் ரத்தப் பிரிவுகளைப் பார்த்தோம். 1901இல் கார்ல் லேண்ட்ஸ்டைனர் மனித ரத்தத்தை வகை பிரித்துக் காட்டினார். 1940இல் அவரும் அலெக்சாண்டர் வீனரும் ஆர்எச் என்ற இன்னொரு அடையாளத்தைக் கண்டார்கள். அங்கே நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் அந்த ஆர்எச் நம் வீட்டு வாசலுக்கே வருகிறது.

மலேசியாவில் மலாய்க்காரர்களிடமும் சீனர்களிடமும் அந்த அடையாளம் இல்லாத, அதாவது ஆர்எச் நெகட்டிவ், ரத்தம் உள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேற மாட்டார்கள். இந்தியர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர் இருக்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ 500 பேர் கூடும் ஒரு கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களில் 25 பேருக்கு இந்த ரத்தம் இருக்கலாம். அவர்களில் பலருக்கு அது தெரிந்திருக்காது. தோட்ட வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் கப்பலேறி வந்த நம் பாட்டன் பூட்டன்மார்கள் கொண்டுவந்தவற்றில் இதுவும் ஒன்று.

நாட்டு மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. ஆனால் இந்த ஒரு வகை ரத்தத்தைப் பொறுத்தவரை, நம் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு கொடுக்கக்கூடிய நிலையில் இருக்கிறோம். அதன் தேவையும் நம்மிடையேதான் அதிகம். நம் இனத்துக்கு மட்டும் என்று இதைச் சொல்லவில்லை. ஆர்எச் நெகட்டிவ் உள்ள ஒரு மலாய்த் தாய்க்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால், அவருக்கு ஏறும் பை நம்மில் ஒருவர் கொடுத்ததாக இருக்கலாம்.

தாய்மார்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தாய்க்கு நெகட்டிவ், வயிற்றில் உள்ள குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பித்துவிடும். அந்தப் பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் சிறிதளவு தாயின் உடலில் கலக்கிறது. தாயின் உடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த பிள்ளையும் பாசிட்டிவாக இருந்தால், அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே போய்க் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். கடுமையான மஞ்சள் காமாலை, ரத்தசோகை, சில வேளைகளில் கருவிலேயே மரணம். 'அந்த வீட்டில் இரண்டாவது தங்காது' என்று பழைய காலத்தில் பேசிக்கொண்ட சில வீடுகளில் இதுவே காரணமாக இருந்திருக்கலாம். தாயின் உடலில் அந்த எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1960களின் இறுதியில் வந்தபின் நிலைமை மாறியது. பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும்.

அந்த ஊசி மருந்தே கொடையாளர்கள் தரும் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கப்படுவதுதான். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசனுக்கு 14 வயதில் நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. முன்பின் தெரியாதவர்களின் ரத்தம் அவரைப் பிழைக்க வைத்தது. 18 வயதானதும் கொடுக்கத் தொடங்கியவர், 2018இல் வயது வரம்பு வந்து நிறுத்தும்வரை 1,173 முறை கொடுத்தார். அவருடைய பிளாஸ்மாவில் ஆன்டி-டி எதிர்ப்பொருள் நிறைய இருந்தது. 2025 பிப்ரவரியில் காலமானார். அவர் காசுக்காகக் கொடுத்தவர் அல்லர்.

இனி வாட்ஸ்அப்புக்கு வருவோம். 'ஓ நெகட்டிவ் உடனே தேவை, கிள்ளான் மருத்துவமனை' என்று செய்தி வருகிறது. நல்ல மனத்தோடு எல்லாரும் பகிர்கிறோம். ஆனால் நீங்கள் ஓடிப்போய்க் கையை நீட்டினாலும் அந்த ரத்தம் நேராக நோயாளிக்குப் போகாது. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்குச் சோதித்து, கூறுகளாகப் பிரித்த பிறகே அது பயன்படும். அவசர நேரத்தில் உயிரைக் காப்பது ஏற்கெனவே குளிர்பெட்டியில் இருக்கும் பை. யாருக்கென்று தெரியாமல் போன வாரமோ போன மாதமோ யாரோ கொடுத்தது அது.

தானாக முன்வந்து கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் இத்தனை காலமாக வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காசுக்குக் கொடுப்பவர் தன் நோயை மறைப்பார். உறவினர் நெருக்கிக் கூட்டிவந்தவரும் கூச்சப்பட்டு மறைக்கக்கூடும். நெருக்கடி எதுவும் இல்லாமல் வருபவர்தான் படிவத்தில் உண்மையை எழுதுவார். ரத்தம் விற்போரை நம்பியிருந்த முறைக்கு இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்துத்தான் முடிவு கட்ட வேண்டியிருந்தது.

தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும். சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம். இதைப் பண்டிகை நாள்களோடு பொருத்திப் பாருங்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் கொடையாளர்கள் பகலில் கொடுப்பது சிரமம். பெருநாளுக்கு ஊரே கம்போங்குக்குப் போய்விடும். சாலை விபத்துகளும் அப்போதுதான் கூடும். ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சமயத்தில் கையிருப்பு குறைகிறது. நாம் போய்க் கொடுக்க வேண்டிய வாரங்கள் அவை என்று உறுதியாகச் சொல்வேன். தீபாவளி நேரத்தில் நமக்காக அவர்கள் வருகிறார்களே.

கோலாலம்பூரில் துன் ரசாக் சாலையில் தேசிய இரத்த மையம் இருக்கிறது. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் இரத்த வங்கி இருக்கிறது. 18 முதல் 60 வயது, குறைந்தது 45 கிலோ எடை, முந்தைய இரவு போதிய தூக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். எடுப்பது 350 அல்லது 450 மில்லிலிட்டர். உடலில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். நெகட்டிவ் என்று தெரியவந்தால், கைப்பேசி எண் மாறும்போதெல்லாம் மையத்துக்குச் சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் தேடுகிறவர்களுக்குப் பழைய எண்ணால் பயனில்லை.

ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். நம் பெண்கள் பலர் கொடுக்க வந்து, இந்த இடத்தில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். முகம் வாடிப் போகிறார்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு ரத்தசோகை. அந்தச் சகோதரிகள் அங்கிருந்து நேராக கிளினிக்குக்குப் போய்க் காரணத்தைக் கண்டறிய வேண்டும். மாதவிடாயா, சாப்பாடா, வேறு நோயா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.