புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம்

புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம், புதுக்கோட்டை நகரின் ஒரு பகுதியான திருக்கோகர்ணத்தில் அமைந்துள்ளது. 1910 ஆம் ஆண்டு புதுக்கோட்டை சமஸ்தானத்தால் தொடங்கப்பட்டது. அப்போது மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மன்னராக இருந்தார். 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 இல்தான். இப்போது தமிழ்நாடு அரசின் அருங்காட்சியகங்கள் துறை இதனை நிர்வகிக்கிறது. மாநிலத்தில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அடுத்த பெரிய அருங்காட்சியகமாக இது குறிப்பிடப்படுகிறது.

தன் எல்லைக்குள் இருந்தவற்றை ஒரு சிறிய அரசு தானே தொகுத்து வைத்தது என்பதே இதன் தனித்தன்மை. கல்வெட்டுகளிலும் சமஸ்தானம் இதே அக்கறையைக் காட்டியது. அதன் கல்வெட்டுகளின் மூலபாடத் தொகுப்பு 1929 இல் வெளியானது. அதனால் இங்குள்ள சிற்பங்களும் ஈமத் தாழிகளும் பெரும்பாலும் சுற்றுவட்டார ஊர்களைச் சேர்ந்தவை. பாடம் செய்யப்பட்ட விலங்குகள், கனிமங்கள், ஓவியங்கள், செப்புத் திருமேனிகள் ஆகியவையும் உள்ளன. பள்ளிப் பிள்ளைகள் விலங்குகளின் முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் இந்த ஊருக்கே உரிய செய்தி இருப்பது நாணயங்களிலும் கற்களிலும்தான்.

அம்மன் காசு

புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட சிறிய செப்புக் காசு அம்மன் காசு எனப்பட்டது. ஒரு பக்கத்தில் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபக்கத்தில் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல். ஒரு ரூபாய்க்கு 320 அம்மன் காசுகள். நவராத்திரியின்போது அரிசியுடன் சேர்த்து இது மக்களுக்குத் தானமாக வழங்கப்பட்டது. காசில் உள்ள பிரகதாம்பாள் தொண்டைமான்களின் குலதெய்வம். அவளுடைய குடைவரைக் கோயிலும் அருங்காட்சியகம் இருக்கும் இதே திருக்கோகர்ணத்தில்தான் உள்ளது. ஆகவே நாணயத்தையும் அதில் பொறிக்கப்பட்ட தெய்வத்தையும் ஒரே காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். இப்படி ஒரு வாய்ப்பு வேறு ஊர்களில் எளிதில் அமைவதில்லை.

வெளியே சென்றவையும் பெயராதவையும்

மாவட்டத்தில் கிடைத்த எல்லாமே இங்கு வந்து சேரவில்லை. 1898 இல் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள் அவை. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டப்பட்டிருந்தது. மீண்டும் நாணயமாகப் புழங்காமல் இருக்கவே இவ்வாறு வெட்டினர் என்பது ஒரு கருத்து. அவற்றுள் பல லண்டனில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குச் சென்றன. புதையல் கிடைத்தபோது திருக்கோகர்ணத்தில் அருங்காட்சியகம் இல்லை. அது தோன்ற மேலும் 12 ஆண்டுகள் ஆயின. கொடும்பாளூர்ச் சிற்பங்கள் சிலவும் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன.

சில பொருள்களை இடம்பெயர்க்கவே முடியாது. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு பாறையிலேயே வெட்டப்பட்டது. ஏழு பிரிவுகளாக இசைக் குறிப்புகளைத் தருகிறது. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்தின் 17 சமணப் படுக்கைகளும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் குகையிலேயே உள்ளன. அங்குள்ள அறிவர் கோயிலின் தாமரைக்குள ஓவியம் பெரிதும் மங்கிவிட்டது. அதைக் காக்க வேண்டுமானால் கோயிலைத்தான் காக்க வேண்டும். பெயர்த்தெடுத்து வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வழியில்லை.

பார்வையிடும் முறை

இவ்விடங்களுக்குச் செல்லும் மாணவர்கள் முதலில் அருங்காட்சியகத்தைப் பார்ப்பது நல்லது. ஈமத் தாழியை அருகில் நின்று பார்த்தவருக்கு, சித்தன்னவாசல் பகுதியில் தரையில் கிடக்கும் கல்வட்டங்கள் வெறும் கற்களாகத் தோன்றா. சிற்பங்களின் பெயர்ப்பலகையில் பொருளின் பெயரோடு அது எடுக்கப்பட்ட ஊரின் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த ஊருக்கே போய்ப் பார்க்கலாம். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், வெளியூரிலிருந்து வருவோர் கிழமை பார்த்துப் புறப்பட வேண்டும்.