எடை மெஷின் சொல்லாத கணக்கு... கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு!

கோவை, ஆனைமலைப் பக்கம் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ‘‘பையன் வெயிட் கூடிட்டானுங்க, சோத்தைக் கொறைச்சரலாமுங்களா?’’ என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. அவசரப்படாதீர்கள்!

2015-ல் என்.பி.ஏ டிராஃப்ட்டில் தேர்வான முதல் இந்தியர், பஞ்சாபின் சத்னம் சிங். அப்போது வயது 19. உயரம் 7 அடி 2 அங்குலம், எடை சுமார் 130 கிலோ. பி.எம்.ஐ கணக்குப் போட்டால் 27-ஐத் தாண்டும். இந்தியப் பெரியவர்களுக்கு 25-ஐத் தொட்டாலே உடல் பருமன்! காரணம், எடை மெஷினுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான்.

28 மீட்டர் நீள கோர்ட்டில் ஓட, சட்டென நிற்க, எம்பிக் குதிக்கத் தசை வேண்டும். கூடுதல் கொழுப்புதான் சுமை. எனவே 20 மீட்டர் ஓட்ட நேரத்தையும், நின்ற இடத்திலிருந்து குதிக்கும் உயரத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். எடையோடு வேகமும் குதிப்பும் கூடினால் நல்ல வளர்ச்சி. எடை மட்டும் கூடி, இவை குறைந்துகொண்டே போனால் பயிற்சியாளரிடம் பேசுங்கள்.

வளரும் வயதில் பட்டினி போட்டால் தசையும் எலும்பும் பலவீனமாகும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுபோனால், ‘நிறைய விளையாடுறா, அதான்’ என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். போதுமான சாப்பாடு இல்லை என்று உடல் சொல்லும் எச்சரிக்கையாகவும் அது இருக்கலாம்!