கிரிவலப் பாதையில் யாருக்கு ஓட்டு?

திருவண்ணாமலை ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லா வகை மனிதர்களும் குடியிருக்கிறார்கள். தலைமுறைகளாக இருக்கும் குடும்பங்கள், வாடகைக்கு வந்த ஓட்டல் தொழிலாளிகள், பென்ஷன் பணத்தில் ஃப்ளாட் வாங்கிய சென்னைக்காரர்கள், ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்ட வெளிநாட்டவர்கள், சாலையோரத்தில் படுத்துறங்கும் சாதுக்கள். பௌர்ணமி கிரிவலம் முடிந்த மறுநாள் காலை குப்பை அள்ள வண்டி வராவிட்டால் மூக்கைப் பொத்துவது எல்லோரும்தான். கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் எல்லோருக்கும் இல்லை; உரிமை உள்ளவர்களிலும் பலருடைய பெயர் வாக்காளர் பட்டியலில் இருப்பதில்லை.

39 வார்டுகள் கொண்ட நகராட்சியாக இருந்த திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சியானது. வேங்கிக்கால், அடி அண்ணாமலை போன்ற சுற்றுப்புற ஊராட்சிகளும் அதில் சேர்க்கப்பட்டன. நகர மன்றத்துக்கு 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தது. மார்ச் 2 அன்று உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். ஐந்தாண்டுக் கணக்கில் பார்த்தால் 2027 மார்ச் தொடக்கத்தோடு காலம் முடிகிறது. ஊராட்சிக்காரர்கள் நிலைமைதான் இரண்டும் கெட்டான். அவர்கள் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. 2022 நகரத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இருக்கவில்லை. ஊராட்சியாக இருந்தபோது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்டவர்கள் அவர்கள். நகர எல்லைக்குள் வந்துவிட்டால் கிராம சபையும் இல்லை, நூறு நாள் வேலையும் இல்லை. நகரத்தில் அதற்கு ஈடாக உள்ளது வார்டின் பகுதி சபை. 2022-இல் விதி வந்தும் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

எல்லை விரிந்தால் வார்டுகளையும் மறுபடி பிரிக்க வேண்டும். வார்டு மறுவரையறை என்றாலே தேர்தல் தள்ளிப்போகும் என்ற பயம் நமக்கு உண்டு. அது வீண் பயமும் இல்லை. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் தமிழக நகரங்கள் 2022 வரை, ஐந்தாண்டுக்கும் மேலாக, கவுன்சிலர் இல்லாமல் தனி அலுவலர்கள் கையில் கிடந்தன. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 243-யு பிரிவு, காலம் முடியும் முன்பே தேர்தலை முடிக்க வேண்டும் என்கிறது. மறுவரையறை முடியவில்லை என்பதைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ள முடியாது என்று 2022 மே மாதம் சுரேஷ் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தேர்தல் தள்ளிப்போனால் நீதிமன்றம் போகிறவர் கையில் எடுக்க வேண்டிய தீர்ப்பு அது.

உள்ளாட்சிக்குத் தனி வாக்காளர் பட்டியல் தயாரிப்பதில்லை. சட்டமன்றப் பட்டியலையே மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டு வாரியாகப் பிரிக்கிறது. அங்கே பெயர் இல்லையென்றால் இங்கேயும் இல்லை. வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் 2025 டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழகம் முழுக்க ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை; அவர்களில் பெரும்பகுதி இடம் மாறியவர்கள் என்று கணக்கு. வாடகைக் குடித்தனம் நிறைந்த நம் பகுதியில் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

வாடகைக்காரர் பெயர் சேர்க்க வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. வாக்காளர் அட்டை வாங்கிக்கொண்டு வீட்டையே எழுதிக் கேட்பார்கள் என்று சில வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். அந்த அட்டையால் வீட்டின் மீது எந்த உரிமையும் வராது. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றப் படிவம் 8. முகவரிச் சான்று இல்லாவிட்டால் வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., நேரில் வந்து விசாரிக்க வேண்டும். ஃப்ளாட் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஓரிடத்தில் வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்கிறது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. பௌர்ணமிக்கு மட்டும் வந்து போகிறவருக்குச் சென்னையில்தான் ஓட்டு. இரண்டு இடத்திலும் பெயரை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை.

சாதுக்கள் விஷயத்தில் விதி எதிர்பாராத அளவுக்குத் தாராளம். வீடில்லாதவருக்கும் ஓட்டு உண்டு, ஆவணம் கட்டாயமில்லை. படிவத்தில் எழுதிய இடத்தில் அவர் உண்மையிலேயே படுத்துறங்குகிறாரா என்று பி.எல்.ஓ. இரவில், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள், வந்து பார்க்க வேண்டும். நடைமுறையில் இதைச் செய்யவைக்க, படிவத்தை நிரப்பிக் கொடுத்துக் கூடவே நின்று கேட்கும் ஆள் ஒருவர் தேவை. அன்னதானம் போடும் அன்பர்கள் இதையும் செய்யலாம்.

வெளிநாட்டவர் எத்தனை ஆண்டு தங்கியிருந்தாலும் இங்கே ஓட்டு இல்லை; ஓ.சி.ஐ. (வெளிநாடு வாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இல்லை. “வாக்காளர் அட்டை வாங்கித் தருகிறேன்” என்று வரும் புரோக்கரை நம்பிப் பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. வேல்ஸ் நாட்டில் கதை வேறு. அங்கே சட்டப்படி வசிக்கும் வெளிநாட்டவரும், 16 வயது நிரம்பியவர்களும் 2022 மே மாதக் கவுன்சில் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். கார்டிஃபில் படிக்கும் திருவண்ணாமலைப் பிள்ளைக்கு அந்த ஊர்க் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க உரிமை உண்டு. அங்கிருந்து இங்கே வந்து சாதகம் செய்பவருக்கு இல்லை. எனக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் சட்டம் இதுதான்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவில் ஓராண்டு வரை தண்டனை உண்டு. உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால் திரும்பி வராதீர்கள். அடையாளத்தைக் காட்டி டெண்டர் ஓட்டு கேளுங்கள்.

பட்டியலில் சேர்க்க மறுத்தால், அல்லது இருந்த பெயரை நீக்கினால், உத்தரவை எழுத்தில் வாங்குங்கள். அதிலிருந்து 15 நாளுக்குள் வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு. அங்கேயும் சரிவராவிட்டால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது. சந்தேகம் கேட்க 1950 என்ற எண்ணை அழைக்கலாம்.