அச்சம் போக்கும் மாய பிம்பம்

மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரை நெருங்கினாலே சிலருக்குக் கால் கூசும், உள்ளங்கை வியர்க்கும். ஓரளவு இவ்வச்சம் எல்லோருக்கும் உண்டு. உயரத்தை மதிக்காத உயிரினம் நெடுநாள் பிழைத்திராது. ஆனால் நான்காம் மாடியில் இருக்கிறது என்பதற்காகவே ஒருவர் கிடைத்த வேலையை விடுவாரானால் அது நோய். 'விழமாட்டாய்' என்று நாம் எடுத்துச் சொல்லிப் பயனில்லை. அது அவருக்கே தெரியும்!

மனநல மருத்துவர்கள் இதற்கு நெடுங்காலமாக ஒரு முறையைக் கையாள்கின்றனர். நோயாளியை முதல் மாடியில் நிற்கச் செய்வர். படபடப்புத் தணியும் வரை அவர் அங்கேயே நிற்க வேண்டும். பிறகு இரண்டாம் மாடி. இடையில் ஓடிவிட்டால், 'ஓடியதால் பிழைத்தேன்' என்றே மூளை கற்றுக்கொள்ளும். நின்றால், 'ஒன்றும் நேரவில்லை' என்ற புதிய பாடம் பதியும். இந்த நிற்றலே மருந்து. ஆயினும் ஒவ்வொரு நோயாளியோடும் மருத்துவர் மாடி மாடியாக ஏற முடியுமா? அந்த மாடியை அறைக்குள்ளேயே கொண்டுவந்து தருவதுதான் மெய்நிகர் உலகக் கருவி.

முகத்தில் மாட்டிக்கொள்ளும் இக்கருவியினுள், கண்ணுக்குச் சில சென்டிமீட்டர் தொலைவில் திரை இருக்கிறது. 25 செ.மீ.க்கும் அருகிலுள்ள பொருளைக் கண் தெளிவாகக் காணாது என்று படித்திருப்பீர்கள். எனவே இடையில் ஒரு குவிலென்சை வைத்து, அதன் குவியத் தூரத்திற்குச் சற்று உள்ளே திரையை அமைக்கிறார்கள். உருப்பெருத்த, நேரான மாய பிம்பம் ஓரிரு மீட்டருக்கு அப்பால் தோன்றுகிறது. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கண்ட எளிய நுண்ணோக்கியின் தத்துவமேதான்.

நம் கண்களுக்கிடையே சுமார் 6 செ.மீ. இடைவெளி உண்டு. ஆகவே இரு கண்களும் காணும் காட்சிகள் சற்றே வேறுபடும். அவ்வேறுபாட்டிலிருந்து மூளை ஆழத்தைக் கணிக்கிறது என்பதை 1838இல் விளக்கியவர் வீட்ஸ்டன். ஆம், மின்தடை அளக்கும் சமனச் சுற்றோடு நீங்கள் சேர்த்துப் படிக்கும் அதே வீட்ஸ்டன்! கருவியும் கண்ணுக்கொரு படமாக இரண்டைக் காட்டுகிறது. தலை திரும்புவதை ஜைரோஸ்கோப்பும் முடுக்கமானியும் உணர்ந்து சொல்ல, காட்சியும் உடனே திரும்புகிறது. இதில் தாமதம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கை மிஞ்சினால் தொல்லை. கண் ஒன்று சொல்ல உட்செவி வேறொன்று சொல்லும். பேருந்தில் வருவதுபோல் குமட்டல் வரும்.

பொய்யென்று தெரிந்த உயரத்திற்கு யாராவது அஞ்சுவார்களா? அஞ்சுகிறார்கள். மூளையில் அச்சத்தைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி, அறிவு தீர்ப்புச் சொல்லும் வரை காத்திருப்பதில்லை. பொய் உயரத்தில் மெய்யாகவே நெஞ்சு படபடக்கிறது. அதனால்தான் அங்குக் கற்ற பாடம் வெளியிலும் செல்லுபடியாகிறது.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் பார்பரா ரோத்பாம், லாரி ஹாட்ஜஸ் ஆகியோர் உயரத்திற்கு அஞ்சிய மாணவர்களைக் கணினி வரைந்த தொங்குபாலங்களிலும், 49 மாடி ஏறும் கண்ணாடி மின்தூக்கியிலும் நிற்க வைத்து, முடிவுகளை 1995இல் வெளியிட்டனர். அக்காலப் படங்கள் பொம்மைச் சித்திரம் போன்றவையே. இருந்தும் சிகிச்சையை முடித்த பத்துப் பேரில் ஏழு பேர், யாரும் சொல்லாமலே உண்மையான உயரங்களுக்குச் சென்று பார்த்தனர். எண்ணிக்கையைவிட எனக்கு வியப்பளிப்பது 'யாரும் சொல்லாமலே' என்பதுதான்.

ஆக்ஸ்போர்டில் டேனியல் ஃப்ரீமன் குழுவினர் 2018இல் 100 பேரிடம் நடத்திய ஆய்வில், வழிகாட்டிய மருத்துவரும் கணினிச் சித்திரமே. உயரத்தில் மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையை மீட்பது போன்ற வேலைகளை அது கொடுத்தது. சிகிச்சை பெற்றவர்களின் அச்சம் சராசரியாக 68 விழுக்காடு குறைந்தது.

இதைக் கேட்டுக் கடையில் கருவியை வாங்கி, அஞ்சும் தம்பியின் முகத்தில் மாட்டிவிடாதீர்கள். படிமுறையின்றித் திடீரென உச்சியில் நிறுத்தினால் அவன் கருவியைப் பிடுங்கி எறிவான். ஓட்டம்தான் பாடமாகப் பதியும். இதே ஃப்ரீமன் குழுவினர் கடுமையான மனநோயால் வெளியே செல்லவே அஞ்சிய 346 பேரிடம் நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. அவர்களில் மெய்நிகர் பேருந்திலும் கடையிலும் நிற்கப் பழகிய ஒவ்வொருவர் அருகிலும் மனநலப் பணியாளர் ஒருவர் உடனிருந்தார். மிகக் கடுமையாக அஞ்சியவர்களே மிகுந்த பயனும் பெற்றனர்.