மந்தைக்குக் காவல் நிற்கும் கங்கால் நாய்

ஆடு வளர்த்துச் சீவிக்கும் ஒரு குடும்பத்துக்கு ஓர் இரவில் ஐந்தாறு ஆடுகள் பறிபோவது சிறிய விடயம் அன்று. பிள்ளைகளின் படிப்புச் செலவும் அடுத்த விதைப்புக்கான பணமும் அதனோடு போய்விடுகின்றன. ஓநாய்கள் திரியும் துருக்கி நாட்டின் மேட்டு நிலத்தில், இந்த இழப்பைத் தடுக்க இடையர் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவந்த இனமே கங்கால் நாய். சிவாஸ் மாகாணத்தின் கங்கால் என்னும் பகுதியே அதற்குப் பெயர் கொடுத்தது.

தோற்றமும் இயல்பும்

வளர்ந்த ஆண் நாய் தோள்வரை ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர் உயரமும், ஏறத்தாழ 50 கிலோகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட நிறையும் கொண்டிருக்கும். உடல் வெளிறிய மண்ணிறம், முகம் கறுப்பு, வால் முதுகின்மேல் சுருண்டிருக்கும். ஓநாய் கழுத்தைக் கவ்வாதிருக்க, இடையர் அதற்கு இரும்பு முட்கள் பதித்த பட்டி அணிவிப்பர்.

ஆடுகளைச் சாய்த்துக்கொண்டு போகும் நாய் வேறு, இது வேறு. கங்கால் ஆடுகளை விரட்டுவதில்லை. அவற்றின் நடுவே வாழ்ந்து, மேடான இடத்தில் படுத்துச் சுற்றுப்புறத்தைக் கவனிக்கும். ஆபத்து வந்தால் முதலில் குரைக்கும். பின்னர் மந்தைக்கும் பகைக்கும் இடையில் வந்து நிற்கும். பெரும்பாலும் அதுவே போதும். தாக்குவது கடைசி வழி. எசமானின் கட்டளைக்குக் காத்திராமல் தானே முடிவெடுப்பதால், சொன்னதையெல்லாம் உடனே செய்யும் நாயாக இதனை எதிர்பார்க்கக் கூடாது.

நமீபியா தரும் பாடம்

தென்மேற்கு ஆபிரிக்காவின் நமீபியாவில், ஆடுகளைக் கொல்கின்றன என்பதற்காகச் சீற்றா எனப்படும் சிவிங்கிப்புலிகளைப் பண்ணையாளர் சுட்டுவந்தனர். 1990இல் தொடங்கிய சீற்றா பாதுகாப்பு நிதியம், 1994 முதல் கங்கால் மற்றும் அனத்தோலிய இன நாய்களைப் பண்ணைகளுக்கு வழங்கியது. நாய் பெற்றோர் பலரின் மந்தைகளில் இழப்பு வெகுவாகக் குறைந்தது. ஆடு தப்பியதால் சீற்றாவைச் சுடவேண்டிய தேவையும் குறைந்தது. ஏழையின் சொத்தும் காட்டின் உயிரும் ஒன்றுக்கொன்று பகையாக இருக்க வேண்டியதில்லை என்பதை நாம் இங்கே காண்கிறோம்.

பராமரிப்பு

1. பழக்கம்: குட்டியை எட்டு வார வயதளவில் ஆட்டுப் பட்டியில் விடவேண்டும். பதினாறு வாரம்வரை யாரோடு வாழ்கிறதோ அவர்களையே அது தன் இனமாகக் கொள்ளும். அதே காலத்தில் மனிதரின் கையும் குரலும் அதற்கு நாள்தோறும் பழக்கமாக வேண்டும். வளரும் பருவத்தில் விளையாட்டாக ஆட்டுக்குட்டிகளைத் துரத்தினால் உடனே தடுக்க வேண்டும். முழுப் பொறுப்பும் வர இரண்டு ஆண்டளவு செல்லும்.

2. உணவு: துருக்கி இடையர் வாற்கோதுமை மாவைக் குழைத்துக் கொடுப்பது வழக்கம். வளரும் குட்டிக்கு மாவு மட்டும் போதாது, புரதமும் வேண்டும். எனினும் அளவுமீறி ஊட்டி விரைவாகப் பருக்கச் செய்தால் மூட்டுகள் பழுதடையும். வயிறு ஊதித் திருகும் ஆபத்தைக் குறைக்க, உணவை இரு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது.

3. நோய்த்தடுப்பு: நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. அறுத்த ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகப் போடவும் கூடாது. அவற்றிலுள்ள நீர்க்கட்டிகளிலிருந்து நாயின் குடலில் நாடாப்புழு உண்டாகும். அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறி, மனிதரின் ஈரலிலும் கட்டிகளை உண்டாக்கும். மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி பூச்சி மருந்து கொடுப்பதும், நாயைத் தொட்டபின் பிள்ளைகள் கை கழுவுவதும் அவசியம்.

4. சங்கிலி: ஓடித்திரியப் பிறந்த நாயை நாளெல்லாம் கட்டிவைத்தால் அது மூர்க்கமாகும். அந்தக் குற்றம் நாயினுடையது அன்று.

சிந்திப்போம்

அப்படியானால் விலை கொடுத்து இந்த இனத்தையே தேடவேண்டுமா? அமெரிக்காவின் நவகோ மக்கள் கலப்பின நாய்களையே குட்டிப் பருவத்தில் ஆடுகளோடு விட்டு, நல்ல காவல் நாய்களாக்கினர். பொற்சுவானாவிலும் ஊர் நாய்கள் இப்பணியைத் திறமையாகச் செய்கின்றன. இனம் பாதி என்றால், வளர்ப்பு மறுபாதி. பெருமைக்காகப் பெரிய நாயை வாங்கிக் கட்டிவைப்பதிலும், எம் வாசலில் கிடக்கும் குட்டிக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்து வளர்ப்பது எமக்கும் நல்லது, அதற்கும் நல்லது.