புகையிலிருந்து மின்சாரம் எடுத்த பந்தயக் கார்

பிரான்சின் லெ மான் பந்தயம் 24 மணி நேரம் ஓடும். ஒரு சுற்றுக்கு இவ்வளவுதான் எரிபொருள் என்று 2014-இல் விதி வந்தது. ஆகவே போர்ஷே 919 ஹைப்ரிட் காரை உருவாக்கியவர்கள் வீணாகும் ஆற்றலைத் தேடினார்கள்.

பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரங்களிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். ஆனால் பிரேக் பிடிக்கும் நேரம் கொஞ்சம்தானே? வேகமெடுக்கும்போதோ புகைக்குழாயில் சூடான வாயு சீறிப் பாய்கிறது. அந்தப் பாதையில் ஒரு டர்பைனை வைத்து ஜெனரேட்டரைச் சுழற்றினார்கள். எவ்வளவு அருமையான யோசனை! பேட்டரியில் சேர்ந்த மின்சாரம், வளைவு தாண்டியதும் முன் சக்கரங்களை உந்தியது.

தொடக்கச் சோதனைகளில் நான்கு சிலிண்டர் எஞ்சின் காரையே உலுக்கி எடுத்தது. கிராங்க் ஷாஃப்டை மாற்றி வடிவமைத்த பிறகே அதிர்வு அடங்கியது.

2015, 2016, 2017 என மூன்று ஆண்டுகளும் லெ மானில் வென்றது இந்தக் கார்தான்.