பதினெட்டு முறை பொய்யாக ஒலித்த மணி

2000 ஜனவரி 19, விடியற்காலை நாலரை மணி. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தின் போலண்ட் ஹால் விடுதியில் தீ எச்சரிக்கை மணி அலறியது. வெளியே கடும் குளிர். ஆறு மாடிக் கட்டடத்தில் சுமார் 600 மாணவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் முதலாண்டு மாணவர்கள். மணிச் சத்தம் காதில் விழுந்தும் பலர் எழவில்லை.

அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. முந்தைய பருவத்தில் மட்டும் அதே மணி 18 முறை பொய்யாக ஒலித்திருந்தது. நள்ளிரவில் எழுந்து, படியிறங்கி, குளிரில் நின்று, ஒன்றுமில்லை என்று தெரிந்து திரும்பிய பிள்ளைகள் அவர்கள். அன்றும் அப்படித்தான் என்று போர்வையை இழுத்துக்கொண்டார்கள்.

அன்று மூன்றாவது மாடியின் பொதுக்கூடத்தில் சோபா எரிந்துகொண்டிருந்தது. தீ பெரும்பாலும் அந்தக் கூடத்தோடு நின்றது, புகை நிற்கவில்லை. கதவைத் திறந்தவர்களை எதிர்கொண்டது கைநீட்டினால் கை தெரியாத கரும்புகை. சிலர் தரையோடு தரையாகத் தவழ்ந்து படிக்கட்டைத் தேடினார்கள். சிலர் ஜன்னல் வழியே குதித்தார்கள். 18 வயது மாணவர்கள் மூவர் இறந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

தீயை மூட்டியவர்கள் வெளியாட்கள் அல்லர். அதே விடுதியில் தங்கியிருந்த இரண்டு மாணவர்கள் விளையாட்டுக்காகச் செய்த காரியம் அது. ஆண்டுகள் கடந்து 2006-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்; 2007-இல் ஐந்தாண்டு சிறைத்தண்டனை பெற்றார்கள்.

கொல்வது புகை

தீ விபத்துகளில் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது தீயைவிடப் புகைதான். சோபா, மெத்தை, தலையணை ஆகியவற்றில் உள்ள செயற்கை நுரைப்பஞ்சு எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளியாகின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தில் அது போய் அமர்ந்துகொள்கிறது. தலை சுற்றும், கால் தளரும், திசை மறக்கும். உறங்குகிறவர் விழிக்காமலேயே நினைவிழக்கக்கூடும். புகையின் வாசனை தன்னை எழுப்பிவிடும் என்று யாரும் நம்பியிருக்கக் கூடாது. எழுப்புவதற்கென்று இருப்பது அந்த மணி ஒன்றுதான்.

போலண்ட் ஹால் 1952-இல் கட்டப்பட்டது. பழைய கட்டடங்களுக்குத் தானியங்கி நீர்த்தெளிப்பான் அப்போது கட்டாயமில்லை என்பதால் அங்கே அது பொருத்தப்படவில்லை. கூரையில் இருக்கும் இந்தச் சிறு கருவியின் வாயைத் திரவம் நிரம்பிய ஒரு கண்ணாடிக் குமிழ் அடைத்திருக்கும். வழக்கமான சிவப்புக் குமிழ் சுமார் 68 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உடையும். உடனே தண்ணீர் பீய்ச்சும். திரைப்படங்களில் காட்டுவதுபோல் கட்டடம் முழுவதும் ஒரே நேரத்தில் மழை பெய்யாது. சூடேறிய இடத்துக்கு மேலே உள்ள குமிழ் மட்டுமே உடையும். இப்படிக் கண்ணாடிக் குமிழால் அடைபட்ட கருவியில் துணி உலர்த்தும் கம்பியைக் கட்டுவது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்து விளங்கும்.

மூன்று உயிர்கள் போன அதே ஆண்டில், மாணவர் விடுதிகள் அனைத்திலும் நான்காண்டுக்குள் நீர்த்தெளிப்பான் பொருத்த வேண்டும் என்று நியூ ஜெர்சி சட்டம் இயற்றியது. 2008-இல் வந்த மத்தியச் சட்டத்தின்படி, வளாகத்துக்குள் விடுதி நடத்தும் அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் ஆண்டுதோறும் தீ பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும். எந்த விடுதியில் எத்தனை தீ விபத்து, எத்தனை முறை வெளியேற்றப் பயிற்சி என்ற விவரங்கள் அதில் இருக்கும். பிள்ளையை அங்கே அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் கல்விக் கட்டணத்தைப் பார்ப்பதோடு இதையும் பார்க்கலாம்.

போல்டனிலும் மதுரையிலும்

2019 நவம்பர் 15 இரவு, இங்கிலாந்தின் போல்டன் நகரில் 'தி க்யூப்' என்ற மாணவர் குடியிருப்பு எரிந்தது. வெளிச்சுவரில் பொருத்தியிருந்த பலகை வழியாகத் தீ மளமளவென்று மேலேறியது. அங்கேயும் பொய் மணிகள் அடிக்கடி ஒலித்ததால் முதலில் பொருட்படுத்தவில்லை என்று மாணவர்கள் சொன்னார்கள். நல்லவேளையாக எல்லோரும் உயிர் தப்பினார்கள். பலர் பாஸ்போர்ட்டையும் லேப்டாப்பையும் உள்ளே விட்டுவிட்டு வந்தார்கள். அதுதான் சரி. பொருளை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. பாஸ்போர்ட், விசா, சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை முன்கூட்டியே மின்னஞ்சலில் சேமித்துவைத்தால் அந்த ஆசையே எழாது.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் மதுரையின் பெண்கள் விடுதி ஒன்றில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்ததில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதுவும் அதிகாலை நேரம்தான்.

மணி ஒலித்தால்

முதல் வேலை, படுக்கையை விட்டு எழுவது. அறைக்கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுடாவிட்டால் மெல்லத் திறந்து வெளியேறி, கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டு வழியாக இறங்கலாம். சாத்திய கதவு தீயையும் புகையையும் பல நிமிடங்கள் தடுக்கும். லிஃப்ட் வேண்டாம், மின்சாரம் நின்றால் அது பொறியாகிவிடும். புகை இருந்தால் குனிந்தோ தவழ்ந்தோ போக வேண்டும், நல்ல காற்று தரையை ஒட்டித்தான் இருக்கும்.

கதவு சுட்டால் திறக்கக் கூடாது. அடியிலுள்ள இடுக்கை ஈரத்துணியால் அடைத்து, ஜன்னலருகே நின்று செல்பேசி வெளிச்சத்தைக் காட்டி, எந்த அறை என்பதை அவசர எண்ணில் சொல்ல வேண்டும். இந்தியாவில் 112 அல்லது 101, அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999. கீழே வந்தவர்கள் குறித்த இடத்தில் கூடி அறைத்தோழர் வந்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும். வராதவரின் பெயரைத் தீயணைப்பு வீரரிடம் சொல்வது பேருதவி.

விடுதித் தீ பெரும்பாலும் சமையலில் தொடங்குகிறது. நள்ளிரவில் மேகிக்காகக் கொண்டுவந்த காயில் அடுப்பு மட்டுமன்றி, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிய ஐந்து சார்ஜர், வாளியில் போட்டு மறந்துபோன ஹீட்டர் ஆகியவையும் விடுதிகளில் காணக்கூடியவை. சமைக்கும்போது எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும்.

மாணவர்மேல் மட்டும் பொறுப்பைச் சுமத்துவது நியாயமில்லை. பொய் மணி ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டு சரிசெய்வது நிர்வாகத்தின் கடமை. நம் விடுதிகள் பலவற்றில் ஜன்னலுக்குக் கம்பி உண்டு, இரவில் வெளிக்கதவுக்குப் பூட்டும் உண்டு. போலண்ட் ஹாலில் குதிக்கவாவது ஜன்னல் இருந்தது. மகளையோ மகனையோ விடுதியில் சேர்க்கும் பெற்றோர், மெஸ் சாப்பாடு எப்படி என்று விசாரிப்பதோடு வார்டனிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: இரவு இரண்டு மணிக்கு அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கும்? இரண்டாவது படிக்கட்டு எங்கே?

விடுதியில் இருந்தபடி இதைப் படிக்கும் மாணவர்கள் இன்றிரவு படுக்கப்போகும் முன் வராந்தாவில் ஒருமுறை நடந்து, தங்கள் அறையிலிருந்து படிக்கட்டுவரை எத்தனை கதவுகள் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.